விடுதலைப் பத்திரம்: யாருக்கு விடுதலை?

(கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



நான் பெரிய படிப்பாளி அல்ல. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டவன். பட்டறையில் இரும்பு அறுத்துக்கொண்டே, ஊர் வாசகசாலையில் கிடைத்ததைப் படித்து இரண்டொரு விஷயம் தெரிந்துகொண்டவன். ஆகையால் நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் அறிவைக் கொண்டு ஆராய்ந்து பாருங்கள். சரி என்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். தப்பு என்று பட்டால் இங்கேயே உதறிவிட்டுப் போங்கள். ஆனால் பாதியில் மட்டும் எழுந்து போய்விடாதீர்கள். ஏனென்றால், முடிவில் என்னைப் பற்றியே ஒரு சங்கதி சொல்ல வேண்டியிருக்கிறது.

"பெண்கள் முன்னேற்றம்" என்பது பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். இதைப் பற்றிப் பேசுவது மிகவும் சுலபம். பெண்ணைத் தாய் என்றும், தெய்வம் என்றும், வீட்டுக்கு விளக்கு என்றும் நாலு வார்த்தை சொல்லிவிட்டால் கைதட்டல் கிடைத்துவிடும். தெய்வம் என்று சொல்லுகிறவரை நான் ஒன்று கேட்கிறேன். கோயிலில் இருக்கிற தெய்வத்துக்கு நிலம் இருக்கிறது, நகை இருக்கிறது, அதன் பேரில் பட்டாவும் இருக்கிறது. உங்கள் வீட்டுத் தெய்வத்தின் பேரில் எத்தனை சென்ட் இருக்கிறது? கல்லுக்குப் பட்டா கொடுக்கிற நாட்டில் கூடப் பிறந்தவளுக்கு ஏன் இல்லை?

ஆகவே இன்றைக்கு நான் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுகிறேன். அது சொத்து. சோறு, துணி, படிப்பு, கல்யாணம் எல்லாவற்றிலும் பெண்ணுக்கு ஓரவஞ்சனை நடக்கிறது என்பது வாஸ்தவந்தான். ஆனால் தனக்கென்று ஒரு குழி நிலம் உள்ளவளை அடிக்கக் கை ஓங்குகிறவன் கொஞ்சம் யோசிப்பான். போக்கிடம் இல்லாதவளை அடிக்கிறவன் யோசிப்பதே இல்லை.

இந்தப் பக்கத்து ஊர்களைப் பாருங்கள். நான் சிறுவனாயிருந்தபோது கவரைப்பேட்டைப் பக்கத்தில் ரஸ்தாவின் இரண்டு பக்கமும் வயல்களைப் பார்த்திருக்கிறேன். இன்று சிப்காட் இருக்கிறது, கிடங்குகள் இருக்கின்றன, கல்கத்தா வரையில் போகிற பெரிய ரஸ்தா இருக்கிறது. ஏக்கர் கணக்கில் விலை பேசினவர்கள் சென்ட் கணக்கில் பேசுகிறார்கள். நிலம் ஏர் உழுகிற நிலமாக இருந்த மட்டும் பெண் அதில் நாற்று நட்டாள், களை பிடுங்கினாள், கதிர் அறுத்தாள், கட்டுச் சுமந்தாள். அப்போது ஒருவரும் அவளை "நீ வேறு வீட்டுக்குப் போகிறவள், எங்கள் வயலில் இறங்காதே" என்று சொல்லவில்லை. அதே நிலம் நல்ல விலைக்குப் போகிற நிலமானவுடன் அவள் அந்நியள் ஆகிவிட்டாள்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. 2015-16ஆம் வருஷத்து விவசாயக் கணக்கெடுப்பில், இந்த நாட்டில் சாகுபடி நிலத்தைத் தங்கள் பொறுப்பில் வைத்து நடத்துகிறவர்களில் பெண்கள் நூற்றுக்கு 14 பேர்கூட இல்லை என்று தெரிந்தது. நிலத்தின் பரப்பைப் பார்த்தாலோ நூற்றில் 12 பங்குகூட அவர்கள் கையில் இல்லை. நடவு வயலில் போய்த் தலையை எண்ணிப் பாருங்கள், அங்கே பெண்கள் எத்தனை பேர் என்று!

இனி, நிலம் விற்கிறபோது நடக்கிற வேடிக்கையைச் சொல்லுகிறேன். நிலம் வாங்க வருகிற கம்பெனி சும்மா வாங்குவதில்லை. வில்லங்கம் பார்க்கிறது, தாய்ப்பத்திரம் பார்க்கிறது, வாரிசுச் சான்று பார்க்கிறது. அதில் மகளின் பேர் இருக்கிறது. உடனே கம்பெனி வக்கீல், "இந்த அம்மாள் கையெழுத்து இல்லாமல் பணம் கொடுக்க முடியாது" என்று சொல்லிவிடுகிறார். முன்பின் பார்த்திராத கம்பெனி வக்கீலுக்கு அவள் பங்குக்காரி என்று தெரிகிறது. கூடப் பிறந்த அண்ணனுக்குத்தான் அது தெரிவதில்லை!

அப்போதுதான் அண்ணனுக்குத் தங்கையின் ஞாபகம் வருகிறது. பொங்கலுக்கு வராத கார் அன்றைக்கு அவள் வீட்டு வாசலில் போய் நிற்கிறது. அவள் கம்பெனியில் ஷிப்டு வேலை செய்கிறவளாயிருந்தால், ஒருநாள் சம்பளம் போனாலும் போகட்டும், அண்ணன் வந்து கூப்பிட்டுவிட்டார் என்று லீவு போட்டுவிட்டு வருகிறாள். ரிஜிஸ்தர் ஆபீசில் படம் பிடிக்கிறார்கள். விரலை வைக்கச் சொல்லுகிறார்கள். "இங்கே போடு, இங்கே போடு" என்று பத்திரம் எழுதுகிறவர் தாளைப் புரட்டிக்கொண்டே போகிறார். அவளும் போட்டுக்கொண்டே போகிறாள். பிறகு ஓட்டலில் சாப்பாடு. கையில் ஒரு பட்டுப் புடவை. மாப்பிள்ளைக்கு ஒரு வேட்டி. காரியம் முடிந்துவிட்டது.

தோழர்களே! அந்தப் பெண் படிக்காதவள் அல்ல. கம்பெனியில் ஒரு சாமான் சரியாயிருக்கிறது என்று அவள் கையெழுத்துப் போட்டால் அது கப்பலேறிப் போகிறது. அங்கே படித்துப் பாராமல் கையெழுத்துப் போட்டால் வேலை போய்விடும். இங்கே படித்துப் பார்த்துத்தான் போடுவேன் என்றால் உறவு போய்விடும். இதுதான் நம் குடும்பங்களின் யோக்கியதை.

அவள் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளுக்குப் பேர் என்ன தெரியுமா? விடுதலைப் பத்திரம்! சிறையிலிருந்து வெளியே வருகிறவனுக்கு விடுதலை என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அந்நியன் ஆட்சி போனால் விடுதலை என்று கேள்விப்பட்டிருக்கிறோம். தகப்பன் சொத்திலிருந்து மகளுக்கு விடுதலை என்பதை நம் நாட்டில்தான் பார்க்கலாம். விடுதலை அவ்வளவு நல்ல வஸ்துவாயிருந்தால் அதை அண்ணன் அல்லவா முதலில் வாங்கிக்கொள்ள வேண்டும்? அன்பினாலும் பாசத்தினாலும் விட்டுக்கொடுப்பதாக அதில் எழுதுகிற வழக்கமும் உண்டு. அந்தப் பாசம் எப்போது பார்த்தாலும் தங்கையிடமிருந்து அண்ணன் பக்கமாகவே ஓடுகிறதே தவிர, ஒரு தடவையாவது அண்ணனிடமிருந்து தங்கை பக்கம் திரும்பி ஓடினதுண்டா?

நிற்க, இந்தப் பங்கு யாரோ நேற்றுக் கண்டுபிடித்துச் சொன்னது அல்ல. 1929ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 17, 18 தேதிகளில் செங்கற்பட்டில் முதலாவது சுயமரியாதை மாகாண மகாநாடு கூடிற்று. சவுந்தரபாண்டியன் தலைமை வகித்தார். ஆண்களைப் போலவே பெண்களுக்கும் சமமான சொத்துரிமையும் வாரிசு பாத்தியதையும் வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். அப்போது இந்தத் திருவள்ளூரும் பொன்னேரியும் கும்மிடிப்பூண்டியும் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தவைதான். 1997இல்தான் திருவள்ளூர் தனி மாவட்டமாயிற்று. ஆகவே அந்தத் தீர்மானம் நம் ஜில்லாவிலே பிறந்த தீர்மானம் என்று சொல்லிக்கொள்ள நமக்குப் பாத்தியதை உண்டு. அதை நடத்திக் காட்டாததற்கு வெட்கப்படவும் நமக்கே பாத்தியதை உண்டு.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? டாக்டர் அம்பேத்கர் சட்ட மந்திரியாயிருந்து பெண்களுக்குப் பங்கு கொடுக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். குடும்பம் சிதறிப்போகும், அண்ணன் தங்கை பகையாளி ஆகிவிடுவார்கள் என்று வைதிகர்கள் கூச்சல் போட்டார்கள். மசோதா நிறைவேறாமல் இழுத்தடிக்கப்பட்டது. 1951இல் அவர் பதவியை விட்டே விலகினார். 1956இல் இந்து வாரிசுச் சட்டம் வந்தது. தகப்பனார் தாமே சம்பாதித்ததை உயில் எழுதாமல் இறந்தால் அதில் மகளுக்கும் பங்கு கிடைத்தது. ஆனால் பிதிரார்ஜித சொத்தில் மகன் பிறக்கும்போதே பங்காளி, மகள் பங்காளி அல்ல என்ற பழைய அநீதி அப்படியே நின்றது. வீட்டைப் பாகம் பிரிக்கும்படி கேட்கவும் அவளுக்கு உரிமை இல்லை. ஆண் வாரிசுகள் எப்போது பிரித்துக்கொள்ளுகிறார்களோ அதுவரையில் காத்திருக்க வேண்டியதுதான்.

ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரம். அங்கே என்.டி.ராமராவ் முதல் மந்திரியாயிருந்தபோது 1985 முதலே மகளும் பங்காளி என்று ஆக்கினார்கள். இங்கே கலைஞர் கருணாநிதி ஆட்சியில் 1989ஆம் வருஷம் மார்ச் 25ந் தேதி முதல் அந்த உரிமை வந்தது. செங்கற்பட்டுத் தீர்மானத்துக்கும் அதற்கும் சரியாக 60 வருஷம்! அதிலும் அந்தத் தேதிக்கு முன் கல்யாணமானவளுக்குப் பங்கு இல்லை. கல்யாணமாகிவிட்டதா என்று பெண்ணைக் கேட்ட சட்டம், ஆணைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்கவில்லை. 2005ஆம் வருஷம் செப்டம்பர் 9ந் தேதி முதல் இந்தியா முழுவதும் மகளும் மகனைப் போலவே பிறப்பால் பங்காளி என்று ஆயிற்று. கல்யாணமானவள், ஆகாதவள் என்ற பேதமும் ஒழிந்தது. அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வேண்டியதில்லை என்று 2020ஆம் வருஷம் ஆகஸ்டு 11ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது.

இதை இந்து மதத்தின் குற்றமாக மட்டும் நினைத்துவிடாதீர்கள். கேரளத்தில் திருவிதாங்கூர்க் கிறிஸ்தவர்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. மகனுக்குக் கிடைப்பதில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. மேரி ராய் என்னும் பெண்மணி சுப்ரீம் கோர்ட் வரையில் போய் 1986இல் அதை உடைத்தார். கோயிலுக்குப் போகிறவனானாலும் மாதா கோயிலுக்குப் போகிறவனானாலும் தங்கையின் பங்கு என்று வந்தால் அண்ணன்மார்கள் எல்லோரும் ஒரே மதந்தான்!

சட்டம் வந்தபின்பும் பங்கு ஏன் வரவில்லை? சட்டம் கொடுத்ததைக் குடும்பம் ஒரு கையெழுத்தில் திருப்பி வாங்கிக்கொள்ளுகிறது. அதற்கு நியாயங்களும் வைத்திருக்கிறது. அவற்றையும் பார்த்துவிடுவோம்.

முதலாவது, "நகை போட்டோம், சீர் செய்தோம், அதுதான் அவள் பங்கு" என்பார்கள். நகையையும் சீரையும் கேட்டது யார்? மாப்பிள்ளை வீட்டார். போய்ச் சேர்ந்தது எங்கே? அவர்கள் வீட்டில். 1961லேயே வரதட்சிணை வாங்குவதும் கொடுப்பதும் குற்றம் என்று சட்டம் செய்தாயிற்று. ஒரு குற்றத்தைச் செய்துவிட்டு அதையே பங்குக் கணக்கில் கழிப்பது எந்த ஊர்க் கணக்கு? மகனுடைய படிப்புச் செலவையும், மோட்டார் சைக்கிளையும், அவன் வியாபாரம் செய்து தோற்ற பணத்தையும் யாராவது அவன் பங்கில் கழித்ததுண்டா?

இரண்டாவது, "தாய் தகப்பனைக் கடைசிவரை காப்பாற்றுகிறவன் மகன்" என்பார்கள். மகன் காப்பாற்றுகிறான் என்றால் கஞ்சி ஊற்றுகிறவள் மருமகள். அவளும் ஒரு வீட்டில் பங்கு இல்லாத மகள்தான். அன்றியும், பெற்றோரைப் பராமரிக்கும் 2007ஆம் வருஷத்துச் சட்டம் மகனை மாத்திரம் சொல்லவில்லை. மகளையும் சேர்த்தே பொறுப்பாளியாக்கி இருக்கிறது. பாரத்தில் பாதி உண்டு, பாகத்தில் மட்டும் இல்லையா?

மூன்றாவது, "கொள்ளி வைக்கிறவன் மகன்" என்பார்கள். அய்யா, ஒரு நாள் நெருப்பு வைப்பதற்கு ஒரு ஏக்கர் கூலியா? செத்தபின் தகப்பனை நரகத்திலிருந்து தூக்கிவிட ஆண்பிள்ளை வேண்டும் என்று எழுதி வைத்தவன், நரகத்தைப் பார்த்துவிட்டு வந்து எழுதவில்லை. நிலத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினான்.

நான்காவது, "பங்கு கேட்டால் பிறந்த வீட்டு உறவு அறுந்துபோகும்" என்பார்கள். பெண்கள் பயப்படுவது இதற்குத்தான். புருஷன் வீட்டில் ஒரு துன்பம் என்றால் வந்து நிற்க ஒரு வாசல் வேண்டுமே என்று அஞ்சித்தான் அவள் கையெழுத்துப் போடுகிறாள். அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டால் அதற்குப் பாகப்பிரிவினை என்று பேர். தங்கை கேட்டால் அதற்கு மட்டும் பகை என்று பேரா? பங்கைக் கொடுத்தால் அறுந்துபோகிற உறவு, பங்கை விழுங்குவதற்காக மட்டுமே கட்டி வைத்த உறவுதான்.

இன்னொரு ரகத்தாரும் இருக்கிறார்கள். மனைவியைப் பார்த்து, "சட்டம் வந்துவிட்டது, உன் அண்ணனிடம் போய்ப் பங்கு வாங்கி வா" என்று அனுப்புவார்கள். சொந்தத் தங்கை வந்து கேட்டால் கதவைச் சாத்துவார்கள். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரையில் மதிப்புள்ள சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் தமிழ்நாட்டில் பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 1 ரூபாய் குறைவு. அந்த ஒரு ரூபாயை மிச்சம் பிடிக்க மனைவியின் பேரில் மனை வாங்குவார்கள். அந்த மனை வாங்கும் பணமோ தங்கையை விடுதலை செய்து வந்த பணம்! இதற்குப் பேர் பெண்ணுரிமை அல்ல. ஆணின் பேராசை புடவை கட்டிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான்.

தோழர்களே! இந்த நியாயங்களை எல்லாம் நான் யாரிடமோ கேட்டுவந்து சொல்லுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இவை என் வாயாலேயே நான் சொன்னவை. காரை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போன அண்ணன் நான்தான்.

2011இல் என் தகப்பனார் இறந்தார். அம்மா முன்னமே இறந்துவிட்டார். வாரிசு நானும் என் தங்கையும் இரண்டே பேர். தாத்தா வழியில் வந்த ஒன்றரை ஏக்கர் நிலம். அடுத்த வருஷம் ஒரு கிடங்கு கட்டுவதற்காக அதைக் கேட்டார்கள். அந்தக் காலத்திலேயே நான் மேடை ஏறிப் பெண்ணுரிமை பேசிக்கொண்டிருந்தவன். அப்படியிருந்தும் தங்கையைக் கூட்டிக்கொண்டு போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினேன். திரும்பி வரும்போது அவள், "அதில் என்ன அண்ணா எழுதியிருந்தது?" என்று கேட்டாள். "ஒன்றுமில்லை அம்மா, சும்மா ஒரு பார்மாலிட்டி" என்றேன். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. புடவையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தப் பணத்தில் நான் வீடு கட்டினேன்.

சில வருஷம் கழித்து என் மச்சானுக்கு உடம்பு முடியாமல் போயிற்று. தங்கை ஷிப்டு வேலைக்குப் போனாள். ஒருநாள் நான் அவள் வீட்டில் இருந்தபோது வீட்டுக்காரர் வாடகை பாக்கி கேட்டு வாசலில் நின்று சத்தம் போட்டார். அவள் என் முன்னிலையில் தலை குனிந்து நின்றாள். நியாயமாகத் தலைகுனிய வேண்டியவன் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

அதன்பின் என் வீட்டில் பாதியை அவள் பேருக்கு எழுதி வைத்தேன். நான் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவள் அந்தப் பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரையில் வாய்விட்டுப் படித்தாள். படித்து முடித்துவிட்டு, "அன்றைக்கும் இப்படிப் படித்திருக்கலாம் இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. நிலத்தின் இன்றைய விலையைப் பார்த்தால் நான் பட்ட கடனில் இது பாதிகூட இராது. ஆகையால் இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. மேடையில் பேசுகிறவனுடைய யோக்கியதையை அவன் வீட்டுப் பத்திரத்தில் பாருங்கள் என்பதற்காகவே சொல்லுகிறேன்.

ஆகவே, சகோதரிகளே! படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "தாளைக் கொடுங்கள், வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு நாளைக்கு வருகிறேன்" என்று சொல்லுங்கள். நிலம் என்ன விலைக்குப் போகிறது என்று கேளுங்கள். போட்டபின், தெரியாமல் போட்டேன் என்றால் கோர்ட்டில் சுலபத்தில் எடுபடாது. வக்கீலுக்குப் பணமில்லையே என்று அஞ்ச வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், இலவசமாகவே சட்ட உதவி செய்ய வேண்டும் என்று 1987ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது.

அண்ணன் தம்பிகளே! தங்கை பிரியத்தோடு விட்டுக்கொடுக்கிறாள் என்று சொல்லுகிறீர்களே, ஒரு காரியம் செய்யுங்கள். முதலில் அவள் பங்கு அவள் கைக்குப் போய்ச் சேரட்டும். பணம் அவள் பேரில் பாங்கியில் ஒரு மாதம் கிடக்கட்டும். அதன்பின் அவள் மனமொப்பி உங்களுக்கு எடுத்துக் கொடுத்தால் அதற்குப் பேர் பிரியம். கைக்கே வராத ஒன்றை விட்டுக்கொடுக்கச் செய்வது பிரியம் அல்ல. அது பறிப்பு.

நம் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. தங்கையிடம் பங்கு கொடுக்காமல் விடுதலைப் பத்திரம் வாங்கி வைத்திருக்கிறவர் யாரும், அதைச் சரிசெய்கிற வரையில் பெண் விடுதலையைப் பற்றி மேடையில் பேச வேண்டாம். இது எனக்கும் சேர்த்துத்தான். என் கடன் இன்னும் தீரவில்லை. ஆகையால் பெண்ணுரிமை பற்றி இன்று பேசியதோடு நிறுத்திக்கொள்ளுகிறேன். மீதிப் பங்கை அவள் பேருக்கு எழுதி முடித்தபின் நீங்கள் கூப்பிட்டால் வருகிறேன். அதுவரையில் இந்த மேடையில் என் தங்கை பேசட்டும். நான் கீழே உட்கார்ந்து கேட்கிறேன்.